குமரி மாவட்டத் தோட்டத்துக்கு இணையம் எந்த அளவு உதவும்? ஆறு வருட அனுபவம்

திருவட்டாறு பக்கம் எங்களுக்கு 35 சென்ட் விளை (தோட்டம்) இருக்கிறது. தென்னை பதினான்கு மூடு, அதில் படர்ந்த நல்லமிளகுக் கொடிகள், ஊடே வாழையும் மரச்சீனியும், வேலியோரம் ஒரு பெரிய அயினி (காட்டுப் பலா). அப்பாவுக்கு முட்டுவலி வந்து விளைக்குள் இறங்க முடியாமல் போனபிறகு பொறுப்பு என் கைக்கு வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தேங்காய் பொறுக்குவதுதான். அதனால் கேள்வி வந்தபோதெல்லாம் போனைத்தான் எடுத்தேன். ஆறு வருடம் ஆகிறது. எது உதவியது, எது காலை வாரியது என்று எழுதி வைத்தால், நம் மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் நஷ்டப்பட்ட கதை. இரண்டாவது வருடம், ஒரு காணொளியில் நல்லமிளகுக்கு ஆடி மாதம் மூட்டில் மண் அணைத்து, சாணிக் குழம்பு ஊற்றி, மேலே இலைதழைகளால் கனமாக மூடாக்குப் போடச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். அந்த வருடம் ஆடியில் மழை விடவே இல்லை. ஒருநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, "மக்கா, அந்தக் கொடி வெந்நீர் ஊத்துன மாதிரி தொங்குதே, பாத்தியா?" என்றார். கிட்டே போய்ப் பார்த்தால், தரையோடு ஓடிய தளிர்களில் இலைக்கு இலை கரும்புள்ளி. புள்ளியின் ஓரம் கிழிந்த துணிபோல் இழை இழையாக இருந்தது. மூட்டைத் தொட்டால் தோல் கையோடு வந்தது. பதினொரு கொடியில் ஏழு போயிற்று.

அந்தக் காணொளியை மறுபடி பார்த்தேன். அதில் பேசுகிறவர் நிற்கும் இடத்தில் மண் வெடித்துக் கிடக்கிறது. ஆடியில் காற்று மட்டும் வீசும் ஊர் அது. அவர் ஊருக்கு அவர் சொன்னது சரி. நமக்கு அப்போது இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசியில் துலாமழை (வடகிழக்குப் பருவமழை) என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்தபோது, நம் மாவட்டத்தை மட்டும் தனியாக 'அதிக மழை மண்டலம்' என்று வைத்திருக்கிறார்கள். இது எனக்கு ஏழு கொடி போன பிறகுதான் தெரிந்தது. இப்போது எந்தக் குறிப்பைப் பார்த்தாலும், இது எந்த ஊர் மழைக்கு, எந்த மண்ணுக்குச் சொன்னது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். அது இல்லாத காணொளியைப் பாதியிலேயே மூடிவிடுகிறேன்.

நல்லமிளகுக்குக் கடைசியில் கைகொடுத்தது கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள். எனக்கு வந்தது 'விரைவு வாடல்', காரணம் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் என்று படத்தோடு இருந்தது. தரையில் ஓடும் தளிரை மழைக்கு முன்பே அறுத்துவிட வேண்டும், ஏனென்றால் மழைத்துளி மண்ணில் தெறிக்கும்போது நோய் முதலில் அதில்தான் ஏறுகிறது. மூட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. பருவமழை தொடங்கும்போது ஒரு சதவீத போர்டோ கலவை தெளித்து, மழைக்கு நடுவே இன்னொரு முறையும் தெளிக்க வேண்டும். நான் பத்து லிட்டர் கணக்கில்தான் கலக்குகிறேன். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) ஐந்து லிட்டரிலும், 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பை ஐந்து லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கிளறுவேன். பிறகு பளிச்சென்ற இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பேன். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். முதல் தடவை எனக்குப் படிந்தது. டிரைக்கோடெர்மாவும் போடுகிறேன், ஆனால் அது நோய்ப் பூஞ்சையை அடக்கும் உயிருள்ள பூஞ்சை, போர்டோ போன்ற தாமிர மருந்தோடு சேர்த்துப் போடக் கூடாது. மூன்று வருடமாக ஒரு கொடிகூடப் போகவில்லை.

தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம். தமிழிலும் இருப்பதால் அப்பாவுக்கும் வாசித்துக் காட்ட முடிகிறது. காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இதை இரண்டாகப் பிரித்துப் போடவேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. இதற்கு முன்னால், படம் எடுத்தால் நோய் சொல்லும் செயலி ஒன்று, அடிமட்டை மஞ்சளாகி நுனி கருகியதைப் பூஞ்சை என்று சொல்லி, என்னை மருந்து வாங்க வைத்தது. மண்ணைப் பரிசோதித்துப் பார்த்தால் குறை சாம்பல் சத்தில் (பொட்டாஷில்). நம் செம்மண்ணில் பெய்கிற மழை அதை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. அந்தச் செயலியை இப்போது பூச்சியின் பெயர் தெரிந்துகொள்ள மட்டும் வைத்திருக்கிறேன்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாம் வீட்டில் சொல்கிற பெயரைத் தேடினால் பாதி நேரம் ஒன்றும் வராது. மரச்சீனி என்றால் சமையல் குறிப்பு வரும், மரவள்ளி என்றால்தான் சாகுபடி வரும். ஏத்தன் வாழைக்கு நேந்திரன் என்று தேட வேண்டும். வாழையில் பெரிய குழப்பமே உண்டு. தமிழ்நாட்டுக் குறிப்புகளில் பூவன் என்பது நம் பாளையங்கோட்டான். கேரளக் குறிப்புகளில் பூவன் என்றால் ரஸ்தாளி. நாம் இரண்டு பக்கத்தையும் படிக்கிறவர்கள், அதனால் அடிக்கடி ஏமாறுவோம். வாழை ரகத்துக்கு எந்த மாநிலக் குறிப்பு என்று பார்க்க வேண்டும்; மற்ற பயிருக்குத் தாவரவியல் பெயரைக் கண்டுபிடித்துத் தேடுவதுதான் நல்லது.

கேரளப் பக்கம் படிப்பதைத் தயங்காமல் சொல்வேன். 1956 நவம்பர் வரை நாம் அந்தப் பக்கம்தானே. மண்ணும் மழையும் எல்லைக்கோடு பார்த்து மாறிவிடவில்லை. மரச்சீனிக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தென்னை நோய்களுக்குக் காசர்கோட்டில் உள்ள தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், இவை இரண்டும் நம் விளைக்கு அப்படியே பொருந்துகின்றன. ஆறேழு மாதத்தில் பறிக்கும் ஸ்ரீ ஜெயா ரகம் பற்றி அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

மானியம், சந்தை விலை இரண்டுக்கும் உழவன் செயலி போதும். அவசரக் கேள்விக்குக் கிசான் கால் சென்டர், 1800 180 1551, தமிழிலேயே பேசுகிறார்கள், கட்டணம் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். தமிழில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப்போட்ட பழைய கட்டுரைகள் நிறைய உலவுகின்றன. 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பான் பூச்சிமருந்தை இன்னும் தெளிக்கச் சொல்கிற கட்டுரையை நானே பார்த்திருக்கிறேன். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சுற்றி இருந்த மக்களை அது என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். மருந்துப் பெயர் இருந்தால், தேதியைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

அயினிக்கு மட்டும்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் மரக்கட்டைக்கு நிறையக் குறிப்பு இருக்கிறது, சக்கைக்கு (பழத்துக்கு) இல்லை. எங்கள் மரத்தில் இரண்டு வருடமாகப் பிஞ்சு கொட்டுகிறது. அடுத்த வாரம் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரில் போகப் போகிறேன்.