மரபுக் காப்புப் படிப்பு: சென்னையா, நொய்டாவா, தில்லியா?

கீழடிக்குப் பிறகு, "தொல்லியல் படிக்கணும், எங்கே சேரலாம்?" என்று கேட்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். நல்ல சேதி. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று தொழில்கள் இருக்கின்றன: அகழாய்வும் கல்வெட்டும் ஒன்று, சிதையும் பொருளைக் காக்கும் ரசாயனப் பணி இன்னொன்று, பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து நிறுத்துவது மூன்றாவது. ஒன்றில் பட்டம் வாங்கிவிட்டு மற்றொன்றுக்குத் தாவுவது லேசுப்பட்ட காரியமல்ல. ஆகவே ஊர் பார்த்துச் சேர்வதைவிட, கையில் இருக்கும் பட்டம் என்ன என்று முதலில் பாருங்கள்.

அகழாய்வுப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு அரசுப் பட்டயப் படிப்புகள் போட்டியில் நிற்கின்றன. ஒன்று, இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் கிரேட்டர் நொய்டாவில் இயங்கும் பண்டித தீனதயாள் உபாத்யாயா தொல்லியல் நிறுவனத்தின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம். மற்றொன்று, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டாண்டுப் பட்டயம். இரண்டிலும் இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு, படிக்கும்போதே உதவித்தொகை கிடைக்கும்.

நொய்டாவின் பலம் அதன் பரப்பு. நாடெங்கும் 3,600-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் துறையே ஆசிரியராக இருப்பதால், ஹரப்பாப் பண்பாடு முதல் முகலாயர் கட்டடம் வரை கண்ணால் பார்த்துப் படிக்கலாம். மத்தியப் பணிக்குக் குறி வைப்பவர்களுக்கு இதுவே நேர்வழி. ஆனால் 2020 அக்டோபரில் வந்த சேர்க்கை அறிவிப்பு சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் படித்தவர்களை அழைத்துவிட்டு, தமிழை விட்டுவிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தமிழும் மற்றச் செம்மொழிகளும் சேர்க்கப்பட்டன. இத்தனை தமிழ்க் கல்வெட்டுகளை வைத்துக்கொண்டிருக்கும் நாட்டில் இது நடந்திருக்கவே கூடாது. இன்று தமிழ் எம்.ஏ. முடித்தவர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

இருந்தாலும் தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு என் முதல் வாக்கு சென்னைக்குத்தான். 2018-இல் நான்காம் கட்டத்திலிருந்து கீழடியைத் தோண்டியது மாநிலத் துறை; குழிக்குள் இறங்கிக் கற்க அதைவிட நல்ல இடம் ஏது? கல்வெட்டுப் பயிற்சியும் இங்கே உயிரானது. கல்வெட்டைப் படியெடுக்க, கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் காகிதம் பதியும்வரை தூரிகையால் அடித்து, காய்ந்துவரும் பதத்தில் மையை ஒற்ற வேண்டும். ஈரம் கூடினால் மை ஊறி எழுத்து மங்கும்; குறைந்தால் காகிதம் கல்லை விட்டு எழும்பும். இந்தப் பதம் புத்தகத்தில் வராது. வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்து வடிவங்களைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எனக்குப் பெருங்கவலை. சென்னையின் குறை என்னவென்றால், மாநிலத்துக்கு வெளியே அந்தப் பட்டயத்துக்கு இருக்கும் மதிப்பை நீங்கள்தான் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

வேதியியல், இயற்பியல் படித்தவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நொய்டாவின் இன்னொரு வாசலைத் தட்டலாம். 1989-இல் தேசிய அருங்காட்சியக நிறுவனமாகத் தொடங்கி, இப்போது இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹெரிடேஜ் எனப்படும் நிறுவனம் கலை வரலாறு, அருங்காட்சியகவியல் ஆகியவற்றோடு பொருள் பாதுகாப்பிலும் முதுகலை நடத்துகிறது. நம் ஊரில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் கண்டு சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி. வரலாற்றுக்காரரின் வேலை அதோடு முடிந்தது. மேலடுக்கைச் சுரண்டினால் நாயக்கர் ஓவியம் போய்விடும். விட்டுவைத்தால் சோழர் ஓவியம் வெளியே வராது. இரண்டையும் காப்பாற்றியவர்கள் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள். மேலடுக்கை அப்படியே பிரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் ஏற்றினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எஸ்.பரமசிவன் 1930-களிலேயே அந்தச் சுவரோவியங்களின் செய்முறையை ஆய்ந்து எழுதியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மரபுள்ள மாநிலத்திலிருந்து இந்தப் படிப்புக்கு இன்னும் ஏராளமானோர் போக வேண்டும்.

பி.ஆர்க். முடித்தவர்களுக்குத் தில்லி ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரும் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகமும் உண்டு. தனிக் கட்டடத்தின் காப்புக்குத் தில்லி, பழைய நகரப் பகுதியின் மீட்டெடுப்புக்கு அகமதாபாத் என்று நான் பிரித்துப் பார்ப்பேன். எங்கே படித்தாலும் சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனார்களோடும் ஸ்தபதிகளோடும் ஓராண்டாவது வேலை செய்யுங்கள். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கோயில் தூணைச் 'சுத்தம்' செய்து கல்வெட்டு எழுத்தையே மழுங்கடித்த திருப்பணிகளை நாம் பார்த்திருக்கிறோம். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டிவந்தது. அந்தத் திருப்பணிக் களத்தில் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர்கள் போதிய அளவில் இல்லை.

வெளிநாடு? அமெரிக்காவில் 1966-இன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம், 106-ஆம் பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள சாலை, அணை, குழாய்ப் பாதை எதுவானாலும், வரலாற்று இடங்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதற்காகவே தனியார் ஆய்வு நிறுவனங்கள் இயங்குகின்றன, அங்கே முதுகலைப் பட்டம் நடைமுறையில் தொழில் உரிமம் போல. நம் நாட்டில் தொல்சின்னங்கள் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடைப் பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குமுறைப் பகுதியாகவும் வகுத்தது. பட்டியலில் சேராத ஊர்க்கோயிலுக்கும் பழைய வீட்டுக்கும் அந்தக் காவல் கிடையாது. அதனால் அவற்றைச் சுற்றித் தனியார் வேலைச் சந்தையும் உருவாகவில்லை. அமெரிக்கச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த பட்டத்தோடு ஊர் திரும்பினால் அதை இங்கே பயன்படுத்தும் இடம் குறுகல். அங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

தமிழோ வரலாறோ படித்தவருக்குச் சென்னை, அடுத்து கிரேட்டர் நொய்டா. வேதியியல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பொருள் பாதுகாப்பு. கட்டடக் கலைக்குத் தில்லி, ஆனால் சுண்ணாம்பைக் கையால் குழைத்த பிறகு.