'நம்ம ஊருப் புள்ள' என்று சொல்லி 7,200 ரூபாய் அடித்துவிட்டான்: பழைய பிளேஸ்டேஷனைப் புது டிவியில் மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

7,200 ரூபாய். பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றைப் புது டிவியில் ஒழுங்காகத் தெரியவைக்கலாம் என்று கொடுத்த பணம். வந்து சேர்ந்தது என்னவோ கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதிவிடுகிறேன். என்னை ஏமாற்றியவனின் சமூக வலைதளப் பக்கம் இப்போதும் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறது.

கீழக்கரையில் பல வீட்டுப் பரணில் துபாயிலிருந்து வந்த கேம் பெட்டி ஏதாவது ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது மச்சான் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2. டியூப் டிவி இருந்தவரை மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின்னைச் செருகினால் போதும். புது டிவியில் எச்டிஎம்ஐ துளை மட்டும்தான். பிளேஸ்டேஷன் 2 தருவது அனலாக் சிக்னல், எச்டிஎம்ஐ டிஜிட்டல். அதனால் வெறும் வயரை மாற்றி மாட்டினால் வேலைக்கு ஆகாது, நடுவில் மாற்றித்தரும் பெட்டி ஒன்று வேண்டும்.

மலிவான பெட்டி எப்படி இருக்கும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அது மஞ்சள் வயரில் வருவதை மட்டும் வாங்கிக்கொள்ளும். அந்த ஒரே வயரில் வெளிச்சமும் நிறமும் கலந்து வருவதால் எழுத்தெல்லாம் மசமசவென்று தெரியும். படத்தை உள்ளே தேக்கிப் பெரிதாக்கி அனுப்புவதால் தாமதம் வேறு. கிரிக்கெட் 07 கேம் ஆடியவர்களுக்கு இது என்ன கொடுமை என்று புரியும். பந்து பிட்ச் ஆவதைப் பார்த்து பட்டனை அமுக்கினால் ஸ்டம்ப் ஏற்கெனவே பறந்திருக்கும். அதனால்தான் பச்சை, நீலம், சிவப்பு என்று படத்தை மூன்று வயரில் பிரித்துக் கொண்டுவரும் காம்போனென்ட் கேபிளும், அதை வாங்கித் தாமதமே தெரியாமல் எச்டிஎம்ஐயாக மாற்றும் ஓஎஸ்எஸ்சி என்ற கருவியும் தேடினேன். புதிதாக வாங்கினால் விலை எட்டாது. பழைய கேம் சாமான் விற்கும் ஒரு சமூக வலைதளப் பக்கத்தில் 'துபாய் பீஸ், கொஞ்ச நாள் ஓட்டினது, கேபிளோடு 7,200' என்று போட்டிருந்தான்.

உடனே பணம் அனுப்பவில்லை. வீடியோ காலில் காட்டச் சொன்னேன், காட்டினான். கையில் இருந்தது அசல் பெட்டிதான், பச்சை, நீலம், சிவப்புத் துளைகளை என் கண்ணால் பார்த்தேன். பெரிய டிவியில் கேம் ஓடும் வீடியோ ஒன்றும் அனுப்பினான். பொருள் கைக்கு வந்த பிறகு பாதிப் பணம் தருகிறேன் என்றபோதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது: "என்ன காக்கா, நம்பாம பேசுறியளே. எங்க உம்மாவுக்குத் தேவிபட்டினம்தான். நம்ம ஊருப் புள்ள உங்கள ஏமாத்துவேனா?" அண்ணனைக் 'காக்கா' என்பது அச்சு அசலாக நம் பக்கத்துப் பேச்சு. உம்மாவின் ஊரைச் சொல்லிப் பேசுகிறவனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? 7,200 ரூபாயையும் யூபிஐயில் அனுப்பினேன்.

கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு. ஓஎஸ்எஸ்சியில் மஞ்சள் துளையே கிடையாது! மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் வேறு பெயர். காம்போனென்ட் கேபிளும் இல்லை.

உடனே கூப்பிட்டேன். "பிஎஸ் 2 செட்டிங்ல காம்போனென்ட் வீடியோ அவுட்னு இருக்கும், மாத்துங்க" என்றான். அந்த செட்டிங்குக்கும் மஞ்சள் வயருக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் எச்டிஎம்ஐ கேபிள் பழசு என்றான். டிவியில் கேம் மோடு போடுங்கள் என்றான். கேம் மோடு டிவி செய்யும் தாமதத்தைத்தான் குறைக்கும், நடுவில் இருக்கிற டப்பாவின் தாமதத்தை அது என்ன செய்யும்? கடைசியில் சொன்னதுதான் என்னைக் கொதிக்கவைத்தது: "சார், கடற்கரை ஊர், உப்புக் காத்துல உங்க பின் கறுத்திருக்கும்." உப்புக் காற்றில் பின் கறுக்கும், உண்மைதான். அதற்காக உப்புக் காற்று பச்சைத் துளையை மஞ்சளாக்குமா? காக்கா போய் சார் ஆனதோடு சரி, அடுத்த போட்டோவுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது. பிறகு பிளாக்.

தங்கச்சி நம்பரிலிருந்து புது ஆளாக விசாரித்தேன். உடனே பதில்: "ஸ்டாக் இருக்கு, 7,200." அதே வீடியோ. இந்த முறை உற்றுப் பார்த்தேன். எழுத்துகளின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. பிளேஸ்டேஷன் 2 கேம்கள் பெரும்பாலும் 480 அல்லது 576 வரியில் வருபவை, எந்தப் பெட்டியை மாட்டினாலும் அந்தக் கூர்மை வராது. பழைய கேமைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை ஓட்டி எடுத்த படம் அது.

ராமநாதபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் டப்பாவைக் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கக்கூட இல்லை. "பழைய டிஷ் பாக்ஸைப் புது டிவியில மாட்ட வாங்கிட்டுப் போவாங்கப்பா" என்று அலமாரியிலிருந்து அதே போல நாலைந்தை எடுத்து வைத்தார். இதற்குத்தான் 7,200 ரூபாய்.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. மஞ்சள் துளை இருந்தால் அது ஓஎஸ்எஸ்சி இல்லை. ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று கலர் பின் உள்ள வெறும் கேபிளை யார் விற்றாலும் வாங்காதீர்கள், அதற்குள் எதையும் மாற்றித்தரும் சிப் கிடையாது. வீடியோ காலில் டப்பாவை மட்டும் காட்டினால் போதாது. உங்கள் பெயர் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, அதே பெட்டியை அப்போதே டிவியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன். யூபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கேட்டார்கள், ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். தேவிபட்டினம் உம்மா கதை சொல்லும் ஆளுக்கு நீங்களும் பணம் அனுப்பியிருந்தால், பார்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே 1930-க்கு அடியுங்கள்.