மலையில் பெட்ரோல் கணக்கு: ஸ்கூட்டரா, பஸ்ஸா, மின்சார வண்டியா, பங்குக் காரா?

சமவெளியில் பெட்ரோல் செலவைக் கணக்கிடுவது எளிது. வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று தெரிந்தால் தூரத்தை அதால் வகுத்துவிடலாம். நீலகிரியில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். குன்னூர் 1,850 மீட்டர். உதகை 2,240 மீட்டர். இங்கே எரிபொருளைத் தின்பது தூரத்தைவிட ஏற்றம்தான். எந்த வண்டி நல்ல மைலேஜ் தரும் என்று கேட்பதைவிட, எவ்வளவு எடையை எத்தனை மீட்டர் மேலே தூக்குகிறோம், அந்தச் செலவை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறோம் என்று கேட்பதே நமக்குப் பொருந்தும்.

விலை ஏறிய விதமும் பழக்கத்தை மாற்றியிருக்கிறது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை நிர்ணயம் வந்தது. அதன் பிறகு ஏற்றம் பைசாக் கணக்கில் வந்தது. ஒரு நாளில் உறைக்கவில்லை, மாதக் கடைசியில்தான் உறைத்தது. 2022 மார்ச் 22 தொடங்கி ஏப்ரல் 6 வரை, இரண்டே வாரத்தில் ஏறக்குறைய பத்து ரூபாய் கூடியது. இடையே குறைப்புகளும் வந்தன: 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைத்தது, 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தது, 2024 மார்ச்சில் மேலும் 2 ரூபாய் குறைந்தது. ஆனாலும் 2021இல் தாண்டிய நூறு ரூபாய்க் கோடு நம் மனத்தில் அப்படியே நிற்கிறது. டேங்க் நிரம்பப் போட்டவர்கள் இன்று பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, "இருநூறுக்குப் போடுங்கள்" என்கிறார்கள். கையை இறுக்கிக்கொண்ட நிறைவு கிடைக்கிறது. மாதச் செலவு குறைவதில்லை. எதில் போகிறோம், எப்படிப் போகிறோம் என்பது மாறினால்தான் குறையும். அந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். கணக்கு எளிதாக இருக்க லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாம் கொடுப்பது அதைவிடச் சற்று அதிகம்தான்.

பழைய வண்டி, புதிய வண்டி

முதலில் கையிலிருக்கும் வண்டி. உதகை உயரத்தில் காற்று கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் வைத்த பழைய பைக்குக்கு இது தெரியாது. கீழே கொடுத்த அதே அளவு பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போதிய காற்றில்லாமல் அதில் ஒரு பகுதி கரும்புகையாகப் போகும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கப்படும் பெரும்பாலான வண்டிகள் எரிபொருளை ஊசி வழியே அளந்து தெளிக்கின்றன. காற்று மெலிந்தால் பெட்ரோலையும் தாமே குறைத்துக்கொள்கின்றன. பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் மேலே இருக்கும் மெக்கானிக்கிடம் கார்புரேட்டரை இந்த உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்துகொண்டால் போதும். வண்டியை மாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மைலேஜில் கிடைக்கும் வித்தியாசத்தை நம்பிப் புது பெட்ரோல் வண்டிக்குத் தவணை கட்டினால், அந்தத் தவணை மிச்சத்தை விழுங்கிவிடும்.

பெட்ரோல் ஸ்கூட்டர், மின்சார ஸ்கூட்டர்

குன்னூரில் இருந்து உதகைக்கு வேலைக்குப் போய்வருபவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி ஏறக்குறைய 18 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம். ஸ்கூட்டரும் ஆளும் சேர்ந்து 180 கிலோ. பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். எஞ்சியது வெப்பமாகப் போகிறது. இறக்கத்தில் கொஞ்சம் மிச்சமானாலும், போக வர 85 முதல் 90 ரூபாய் ஆகும். மாதம் 25 நாள் என்றால் 2,100 ரூபாய்க்குக் குறையாது.

அதே பாதையில் மின்சார ஸ்கூட்டர் சுமார் ஒன்றேகால் யூனிட் மின்சாரம் எடுக்கும். வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதைக் கணக்கில் சேர்க்காமல், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் நாளுக்குப் பத்து ரூபாய்தான். ஏற்றத்தில் மின்மோட்டார் பெட்ரோல் எஞ்சினைப் போல ஆற்றலை வெப்பமாக வீணாக்குவதில்லை. இறக்கத்தில் கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பவும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே சமவெளியைவிட மலையில்தான் இந்தப் போட்டியில் மின்சார வண்டி அதிகமாக முந்துகிறது. மலைக்கு மின்சார வண்டி ஆகாது என்று பலரும் சொல்லிவருவது பாதி உண்மைதான்.

மற்ற பாதி உண்மையையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம். அந்த 34 கிலோமீட்டருக்கு மட்டும் இரண்டு யூனிட் தேவைப்படும். இரண்டு யூனிட் பேட்டரியுள்ள மலிவு வண்டி பர்லியாரைத் தாண்டி எங்காவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடும். மூன்று யூனிட்டும் அதற்கு மேலும் உள்ளது ஏறிவிடும்; ஆனால் மோட்டார் சூடேறினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மார்கழி, தை மாத உறைபனிக் காலையில் பேட்டரி கொடுக்கும் தூரமும் குறையும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் சார்ஜ் ஏற்ற வழியிருக்காது.

விற்பனையாளர்கள் அதிகம் எடுத்துச் சொல்லாத ஒன்று உண்டு. இரவெல்லாம் சார்ஜ் போட்டு, நூறு விழுக்காடு நிரம்பிய பேட்டரியோடு காலையில் நேரே இறக்கத்தில் இறங்கினால், மின்சாரத்தைத் திரும்பச் சேர்க்கும் பிரேக் வேலை செய்யாது, சேர்த்துவைக்க இடமில்லை. முழுச் சுமையும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். மேலே வீடு இருப்பவர்கள் 85, 90 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டு இறங்குவது நல்லது.

என் தீர்ப்பு: குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, உதகை என்று மேலேயே சுற்றுபவர்களுக்கு மின்சார ஸ்கூட்டர் தெளிவாக வெல்கிறது. வாரத்தில் பலமுறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுபவர்கள் பெட்ரோலிலேயே இருக்கலாம்.

ஸ்கூட்டர், பஸ்

இந்த ஒப்பீட்டை 2024 புரட்டிப்போட்டது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நகரப் பஸ்களில் தொடங்கியபோது மலை மக்களுக்கு அது எட்டவில்லை. 2024இல்தான் விடியல் பயணம் எனப்படும் இந்தத் திட்டம் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு விரிந்தது. முன்பு கணவனும் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் போனால், அது இரண்டு பஸ் டிக்கெட்டோடு போட்டி போடக்கூடிய செலவாக இருந்தது. இன்று சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் மனைவிக்குச் செலவில்லை. கணவனுக்கு மட்டும் டிக்கெட். ஸ்கூட்டரால் இதை நெருங்க முடியாது. தேயிலைத் தோட்டத்துக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்கள் கையில் மாதாமாதம் மிச்சமாகும் பணம் குழந்தையின் பள்ளிச் செலவாகவோ சுயஉதவிக் குழுத் தவணையாகவோ மாறினால், பெட்ரோல் விலையேற்றத்துக்கு ஈடாக இந்த மலையில் கிடைத்த நிவாரணத்தில் இதுவே பெரியது என்பேன்.

ஆனால் காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்பது ஊருக்கு ஊர் மாறும். குன்னூர்–உதகை சாலையோரம் இருப்பவருக்குக் கவலையில்லை. பிரதான சாலையை விட்டு உள்ளே இருக்கும் ஹட்டியில் (படுகர் கிராமம்) வசிப்பவர், மாலைக் கடைசிப் பஸ்ஸைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் வேலையே ஒப்புக்கொள்ள முடியும். அவர் பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்கியது ஆடம்பரத்துக்காக அல்ல. அந்தக் கடைசிப் பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி விட்டால், அந்த ஊரில் எத்தனையோ ஸ்கூட்டர்கள் வீட்டிலேயே நிற்கும். இதை வற்புறுத்திக் கேட்க வேண்டியது ஊர்க்காரர்களின் உரிமை.

ஒருவர் கார், நால்வர் கார்

கார் கணக்கு எனக்கே வியப்பைத் தந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஒரு சிறிய கார் ஏற மூன்று லிட்டருக்கு மேல் ஆகும். அதில் கூடுதலாக ஓர் ஆளை ஏற்றினால் எவ்வளவு கூடும்? 65 கிலோ எடையை 1,500 மீட்டர் தூக்க, ஏறக்குறைய 120 மில்லி பெட்ரோல். பன்னிரண்டு ரூபாய். பெட்ரோலை எடுத்துக்கொள்வது காரின் எடைதான். தனியாக ஏறினால் 330 ரூபாய் ஒருவர் தலையில். நால்வர் ஏறினால் ஆளுக்குத் 90 ரூபாய் போல. ஒரே அலுவலகத்துக்கு அக்கம்பக்கத்திலிருந்து நான்கு பேர் நான்கு வண்டியில் போவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. சக ஊழியர்கள் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொண்டு முறை வைத்து ஓட்டலாம். சொந்தப் பயன்பாட்டு வண்டியில் கூலி வாங்கி ஆள் ஏற்றுவது மட்டும் சட்டப்படி கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கை கொடுக்காமல் போகலாம்.

சீசனில் கார் இன்னும் தோற்கும். ஏப்ரல், மே மாதங்களில் குன்னூர் வழியே ஏறி, கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழி ஏற்பாடு வரும்போது தூரம் கூடுகிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் நெரிசல் முழுதாகத் தீரவில்லை. எஞ்சின் ஓடியபடி ஒரு மணி நேரம் நின்றால் அரை லிட்டருக்கு மேல் போய்விடும். அந்த மாதங்களில் அவசரமில்லாத உதகைப் பயணத்தைக் காலை ஏழு மணிக்கு முன்பாகவோ அடுத்த மாதத்துக்கோ மாற்றிக்கொள்வதைவிட நல்ல சிக்கனம் இல்லை.

நியூட்ரல் இறக்கம், கியர் இறக்கம்

இந்த ஒப்பீட்டை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். பெட்ரோல் விலை ஏற ஏற, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டுவதும் சாவியைத் திருகி எஞ்சினையே அணைத்துவிடுவதும் கூடுகிறது. இது மிச்சம் தரும் என்பது பிழையான நம்பிக்கை.

எரிபொருளைத் தெளிக்கும் எஞ்சினில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டுவிட்டால் பெட்ரோல் வருவது நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது, எரிவது பூஜ்யம். நியூட்ரலுக்குத் தள்ளினால், எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டியிருக்கிறது. ஆகவே நியூட்ரலில்தான் செலவு கூடும். பழைய கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கொஞ்சத்துக்கு உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

எஞ்சினை அணைத்தால் நிலைமை இன்னும் மோசம். காரில் இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்கின் துணைவிசை தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங் கனக்கும், சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளவும் செய்யும். எஞ்சின் பிடித்து வேகத்தைக் குறைக்காத வண்டியை முழுக்க பிரேக்கே பிடிக்க வேண்டும். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. கியரில்லாத ஸ்கூட்டருக்கு இயல்பிலேயே எஞ்சின் பிடிப்பு குறைவு. அதனால் இருவர் உட்கார்ந்து சாமானோடு இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது உயிரையும் காக்கும், பெட்ரோலையும் காக்கும்.

கீழே சந்தை, மேலே கடை

பெட்ரோல் மலிவாக இருந்த நாட்களில் மாதச் சாமானுக்கு மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்குவது பல வீடுகளில் வழக்கம். மேட்டுப்பாளையம் போய்வர இன்று குன்னூர்க்காரரின் காருக்கு நான்கு லிட்டரை ஒட்டிச் செலவாகும். அரிசி, எண்ணெய், பருப்பில் மிச்சமாவது 400 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டு. மூவாயிரம் ரூபாய்ச் சாமானில் அது நடக்காது. திருமணம், வீட்டு வேலை, ஆண்டுக்கான மிளகாய், மல்லி என்று மொத்தமாக வாங்கும்போது நடக்கும். அதுவும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து போனால். மேலே கடைக்காரர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக வைப்பது, லாரி டீசலை அவர் நமக்காகக் கொடுத்திருப்பதால்தான். முழு லாரியில் ஏறிய மூட்டைக்கு ஆகும் டீசலைவிட நம் காரில் ஏறும் ஒரே மூட்டைக்கு ஆகும் பெட்ரோல் பல மடங்கு.

இதே கணக்கு விவசாயிக்கு எதிர்த்திசையில் நடக்கிறது. கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். மண்டியில் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வண்டி வாடகை ஏறினால் இறங்குவதில்லை. பத்து மூட்டைக்காகத் தனியே ஒரு பிக்கப் பிடிப்பவர், விலை சரிந்த நாளில் வாடகையைக் கொடுத்துவிட்டுக் கூலிக்கு வீட்டுப் பணத்தை எடுக்க வேண்டியிருக்கும். பக்கத்துத் தோட்டங்களோடு அறுவடை நாளைப் பேசி வைத்து ஒரே வண்டியை நிரப்புபவருக்கு மூட்டைக்கு ஆகும் வாடகை பாதியாகக் குறையலாம். அந்த வண்டி காலியாகத் திரும்பாமல் உரமோ மளிகையோ ஏற்றி வர முன்கூட்டியே பேசிவிட்டால், ஏற்றத்தின் செலவையும் வேறொருவர் பகிர்ந்துகொள்வார். வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பல ஓட்டுநர்கள் திரும்பும் சுமையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.