உயர்த்திய ஃபார்ச்சூனருக்கு எந்தப் பின் ஷாக்: இரட்டைக் குழாயா, ஃபோமா, ஒற்றைக் குழாயா?

வண்டியை 40 மி.மீ. உயர்த்திய அன்று மாலை, அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தேன். முதல் வேகத்தடையைத் தாண்டியதுமே, "டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதே!" என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியவில்லை. பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. காயில் ஸ்பிரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, வண்டியோடு வந்த ஷாக் அப்சார்பரையே திரும்ப மாட்டியிருந்தேன். சிக்கனம் பிடித்ததற்குக் கிடைத்த சத்தம் அது.

டொயோட்டா ஃபார்ச்சூனரின் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு ஆக்ஸில். நான்கு இணைப்புத் தண்டுகளும் குறுக்கே ஒரு தண்டும் அதைப் பிடித்திருக்க, எடையை இரண்டு காயில் ஸ்பிரிங்குகள் சுமக்கின்றன. ஷாக் எடையைச் சுமப்பதில்லை. ஸ்பிரிங் அமுங்கி எழும் வேகத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். ஆனால் இன்னொரு வேலையும் அதன் தலையில் விழுகிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்ஸில் எதுவரை தொங்கலாம் என்று எல்லை கட்டுவதும் ஷாக்தான். வண்டி நிற்கும் நிலையில் பழைய ஷாக் இன்னும் 90 மி.மீ. நீள இடம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 உயர்த்தினால் மிஞ்சுவது ஏறக்குறைய 50. நம் ஊர்ப் பள்ளங்களுக்கு அது எந்த மூலைக்கு? ஷாக் முழுக்க நீண்டு, உள்ளே பிஸ்டன் மேல்முனையில் போய் முட்டுகிறது. அந்த 'டொக்' இதுதான். அடி முழுவதும் மேல்முனைப் பிடிப்பில் இறங்குகிறது.

ஆகவே எந்த பிராண்ட் என்று கேட்பதற்கு முன்னால் அளவு நாடாவை எடுக்க வேண்டும். முழுக்க நீண்டால் எவ்வளவு, முழுக்க அமுங்கினால் எவ்வளவு என்ற இரண்டு அளவுகளையும் கடைக்காரரிடம் கேளுங்கள். முதல் அளவைக் கேட்பவர்கள் உண்டு. இரண்டாவதைக் கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நீளமான ஷாக் அமுங்கிய நிலையிலும் நீளமாகத்தான் இருக்கும். நிறைசுமையோடு பெரிய குழியில் விழும்போது பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஆக்ஸில் மேலே போய் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடுவதற்கு முன்னாலேயே ஷாக் அடிமுட்டிவிட்டால், ஒன்று ஷாக் சாகும், இல்லையென்றால் பிடிப்பு கிழியும். ரப்பர்தான் முதலில் தொட வேண்டும்.

பழைய ஷாக்கை வைத்துக்கொண்டே கீழ்ப்பிடிப்பில் ஒரு நீட்டிப்புப் பட்டையை வெல்டிங் செய்து தருகிறேன் என்பார்கள். செலவு மிகக் குறைவுதான். ஆனால் அந்தப் பட்டை ஒவ்வொரு குலுக்கலிலும் நெம்புகோலாக மாறி, ஆக்ஸிலில் இருக்கும் பிடிப்பை வளைக்கப் பார்க்கும். அதோடு, பழைய ஷாக்கினுள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் பழைய ஸ்பிரிங்குக்காக அமைக்கப்பட்டவை. இறுக்கமான புது ஸ்பிரிங் எழும்பும் வேகத்தை அவற்றால் முழுக்க அடக்க முடியாது. அம்மாவைத் தூக்கித் தூக்கிப் போட்டது அதுதான். இந்த வழியை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

இனி உண்மையான போட்டியாளர்கள்.

இரட்டைக் குழாய் ஷாக் என்பது குழாய்க்குள் குழாய். உள்குழாயில் பிஸ்டன் ஓடுகிறது. வெளிக்குழாயில் மீதி எண்ணெயும் அதன்மேல் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் தயாரிக்கும் ஓல்டு மேன் ஈமு நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட் இந்த வகை. இதன் பெரிய பலம், கல்லடி. வெளிக்குழாய் லேசாக நசுங்கினாலும் பிஸ்டன் ஓடும் உள்குழாய்க்கு ஒன்றும் ஆகாது. பலவீனம், வெப்பம். எண்ணெயின் சூடு இரண்டு சுவர்களைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். அலை அலையாய் மேடுபள்ளம் விழுந்த மண்சாலையில் மணிக்கணக்காக ஓடினால், எண்ணெயில் வாயு கலந்து நுரைத்து, ஷாக் தளர்ந்துபோகும்.

ஃபோம் செல் வகை இதன் தங்கச்சி. இரட்டைக் குழாய்தான், வாயு இருக்க வேண்டிய இடத்தில் மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் இருக்கும். பிஸ்டனோடு சேர்ந்த தண்டு உள்ளே இறங்கும்போது ஃபோம் அமுங்கி இடம் கொடுக்கிறது. எண்ணெயோடு கலக்கத் தளர்வான வாயு இல்லாததால் நுரைப்பது வெகுவாகக் குறைகிறது. அயர்ன்மேன், டஃப் டாக் ஆகிய இரண்டு ஆஸ்திரேலிய பிராண்டுகளும் இதற்குப் பேர்போனவை. டஃப் டாக்கில், இறுக்கத்தை ஒரு திருகால் கூட்டிக் குறைக்கும் மாதிரியும் உண்டு. சுமை அடிக்கடி மாறுகிறவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும்.

ஒற்றைக் குழாய்க்கு ஜெர்மனியின் பில்ஸ்டீன்தான் முகவரி. ஒரே குழாய், அதற்குள் 46 மி.மீ. பிஸ்டன், அடியில் எண்ணெயையும் நைட்ரஜனையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டன். வாயு அழுத்தம் சுமார் 25 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 25 மடங்கு. சூடான எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர்தான் என்பதால் வெப்பம் சீக்கிரம் இறங்கிவிடும். எண்ணெயும் வாயுவும் சந்திப்பதே இல்லை. ஆனால் அதே ஒற்றைச் சுவரில் ஒரு கூரான கல் பட்டுக் குழிவிழுந்தால், பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

அந்த அழுத்தத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. தண்டின் விட்டம் 14 மி.மீ. என்றால் அதன் குறுக்குப் பரப்பு 1.54 சதுர செ.மீ. 25 பார் அழுத்தம் அதைச் சுமார் 39 கிலோ விசையோடு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 78. வண்டியின் பின்புறம் லேசாக இன்னும் உயரும். ஏற்கெனவே ஸ்பிரிங்கால் உயர்த்தியவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

எண்ணெய்த் தொட்டி தனியாகத் தொங்கும் விலையுயர்ந்த வகையும் இருக்கிறது. பந்தயம் ஓடுகிறவர்களுக்கும் பாலைவனம் தாண்டுகிறவர்களுக்கும் அது தேவை. கொல்லிமலைக்குப் போய் அன்னாசிப் பழம் வாங்கி வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஃபார்ச்சூனர்கள் காரவள்ளி அடிவாரத்தில் கூடினோம். மூன்றும் 40 மி.மீ. உயர்த்தியவை. என்னுடையதில் இரட்டைக் குழாய், நண்பருடையதில் ஃபோம் செல், மைத்துனருடையதில் ஒற்றைக் குழாய். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டினோம். என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு வண்டியிலும் ஒரு முறையாவது நான் பின்சீட்டில் உட்கார வேண்டும்.

வளைவுகளில் மைத்துனரின் வண்டிக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்க முடியாது. சாய்வு சட்டென்று நின்றுவிடுகிறது. திருப்பியதும் வண்டி மறுயோசனை இல்லாமல் திரும்புகிறது. இதற்குக் காரணம் வால்வு அமைப்பு. பிஸ்டன் மெதுவாக நகரும்போதே எதிர்ப்பு அதிகமாக இருக்கும். வேகம் கூடக் கூட எதிர்ப்பு அதே விகிதத்தில் கூடாது. வண்டி சாய்வது மெதுவான அசைவு, அதனால் நன்றாக அடங்குகிறது. ஆனால் தார் ஒட்டுப்போட்ட சாலையின் சின்னச் சின்ன மேடுகளும் அந்த இறுக்கத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. பின்சீட்டில் என் முதுகெலும்பு ஒவ்வொரு ஒட்டையும் எண்ணிக்கொண்டே வந்தது.

என் வண்டி வளைவில் கொஞ்சம் சாய்ந்தது, கொஞ்சம் தாமதித்தது. ஆனால் பின்சீட்டில் பேசிக்கொண்டே வர முடிந்தது. ஃபோம் செல் வண்டி இரண்டுக்கும் நடுவே இருந்தாலும், ஆள் ஏறாத பின்புறத்தோடு இறங்கும்போது சற்றே விறைத்தது. பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் அது சரியாகிவிடும் என்று நண்பர் சொன்னார். சரிதான், அவர் தோட்டத்துக்கு உரம் ஏற்றுகிறவர். நான் ஏற்றுவது அம்மாவை.

இப்போது மாட்டும் வேலைக்கு வருகிறேன். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். என் முதல் ஜோடி புது ஷாக் மூன்றே மாதத்தில் எண்ணெய் கசிந்தது. காரணம் ஷாக் இல்லை. ஃபார்ச்சூனரில் பின் ஷாக்கின் மேல்முனை ஒரு தண்டு; ரப்பர் புஷ், வாஷர், நட்டு என்று மேலிருந்து இறுக்க வேண்டும். நட்டை முறுக்கினால் தண்டும் சேர்ந்து சுற்றும். "அண்ணா, கூடவே சுற்றுகிறது" என்றான் பட்டறைப் பையன். நான் பதில் சொல்வதற்குள் பிளையரால் பளபளக்கும் குரோம் தண்டையே கவ்விப் பிடித்துவிட்டான். அந்த இடத்தில் அரிசி அளவு கூட இல்லாத இரண்டு கீறல்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தக் கீறல் ஆயில் சீலுக்குள் போய் வந்தது, சீல் தின்னப்பட்டது. தண்டின் உச்சியில் ஸ்பேனர் பிடிக்கவென்றே தட்டையாகச் செதுக்கிய இடம் இருக்கிறது. அதைத்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது ஜோடியை மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். சேஸிஸைத் தாங்கிகளில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கு அடியில் தனி ஜாக்கி வைத்தபின், ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். இரண்டையும் ஒருசேரக் கழற்றினால் ஆக்ஸில் தொங்கி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும். இரட்டைக் குழாய் என்றால் மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுக்க வேண்டும். கிடங்கில் படுத்துக் கிடந்ததில் உள்குழாய்க்குள் புகுந்த வாயு அப்போதுதான் வெளியேறும். ஒற்றைக் குழாயில் இந்தச் சடங்கு இல்லை. கட்டியிருக்கும் பட்டையை அறுத்ததும் அது தானே நீள ஆரம்பித்துவிடும். மைத்துனர் வண்டியில் அதை அமுக்கி இடத்தில் உட்காரவைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கீழ்முனை போல்ட்டை வண்டி தரையில் நின்று, சக்கரங்களில் எடை இறங்கிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, சீக்கிரம் கிழியும். இதைச் சொன்னால் பல பட்டறைகளில் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறித்துக்கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் அதைத்தான் பேசுகிறது. உயர்த்துவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசிவிடுங்கள்.

என் தேர்வு இரட்டைக் குழாய்தான். நான் நீண்ட மண்சாலையில் மணிக்கணக்காக ஓடுவதில்லை. கல் தெறிக்கும் தோட்டத்துப் பாதையும், பின்சீட்டில் ஆட்களும்தான் என் அன்றாடம். கட்ச் ரண்ணுக்கோ லடாக்குக்கோ ஆண்டுதோறும் சுமையோடு போகிறவர் என்றால் ஒற்றைக் குழாயை எடுங்கள், முதுகு பொறுத்துக்கொள்ளும். நிரந்தரமாகப் பின்னால் பாரம் இருந்தால் ஃபோம் செல். விலையில் இரட்டைக் குழாயும் ஃபோமும் ஏறக்குறைய ஒரே வரிசை. ஒற்றைக் குழாய் அதற்கு மேலே.

மைத்துனர் தன் ஒற்றைக் குழாயை மாற்றுவதாக இல்லை. அவர் வண்டியில் பின்சீட்டில் யாரும் உட்காருவதும் இல்லை.