மூன்று மின்சார லோடு ஆட்டோ, மூன்று வருடம்: மானியக் கணக்கு எப்படி வந்தது

கோவை சிங்காநல்லூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். காலை நாலரைக்கு வண்டி கிளம்பினால் ராமநாதபுரம், உக்கடம், ஆர்.எஸ்.புரம் ஒரு லைன். பீளமேடு, சரவணம்பட்டி இன்னொரு லைன். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 80 கிலோமீட்டர் ஓடும். முன்பு எல்லாமே டீசல். 2022 செப்டம்பரில் முதல் மின்சார லோடு ஆட்டோ, 2024 நவம்பரில் இரண்டாவது, 2025 ஜூனில் மூன்றாவது வாங்கினேன். மூன்றுக்கும் கிடைத்த சலுகை வேறு வேறு. இப்போது யாராவது என்னிடம் "மானியம் எவ்வளவுங்க?" என்று கேட்டால், "முதலில் வட்டி எவ்வளவு என்று கேளுங்க" என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதல் வண்டி ஃபேம்-2 திட்டத்தில் வந்தது. மத்திய அரசு 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச் வரை நடத்திய திட்டம் அது. மூன்று சக்கர வண்டிக்கு பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் (ஒரு யூனிட் மின்சாரம்) 10,000 ரூபாய் மானியம். வணிகத்துக்கு ஓடும், லித்தியம் பேட்டரி வண்டியாக இருக்க வேண்டும். என் வண்டியின் பேட்டரி 10 கிலோவாட் மணி என்பதால் விலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் குறைந்தது. நாம் எங்கும் அலைய வேண்டியதில்லை. பில்லிலேயே கழித்துவிடுவார்கள், கம்பெனி அதை அரசிடம் வாங்கிக்கொள்ளும். இந்த முறையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பணத்தை முழுதாகக் கட்டிவிட்டு மானியம் எப்போது வரும் என்று காத்திருக்கச் சொல்லியிருந்தால், என் போன்ற ஆள் வாங்கியே இருக்க முடியாது.

ஆனால் கடன்? வங்கியில் மின்சார மூன்று சக்கர வண்டி என்றதும் தயங்கினார்கள். பழைய வண்டிக்கு மார்க்கெட் இல்லை, பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று தெரியாது என்றார்கள். கடைசியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் 3 லட்சம், 18% வட்டி, 36 மாதம். மாதத் தவணை 10,846 ரூபாய். மொத்த வட்டி 90,000 தாண்டியது. அதே தொகைக்கு டீசல் வண்டிக்கு எனக்கு 11 சதவீதத்தில் கடன் தரத் தயாராக இருந்தார்கள். அப்படியென்றால் வட்டி 53,600 தான். வித்தியாசம் கிட்டத்தட்ட 37,000. ஒரு லட்சம் மானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படியே போய்விட்டது. வாங்கும்போது இதை நான் யோசிக்கவே இல்லை.

இரண்டாவது வண்டியில் இது இன்னும் மோசம். 2024 அக்டோபர் 1 முதல் மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டம். சரக்கு ஆட்டோவுக்கு கிலோவாட் மணிக்கு 5,000, அதிகபட்சம் 50,000 ரூபாய். தீபாவளிக்கு முன்பே புக் செய்தேன். அந்த வருடத்துக்கு ஒதுக்கிய வண்டி எண்ணிக்கை நவம்பர் தொடக்கத்திலேயே தீர்ந்து, மானியம் பாதியாகிவிட்டது. கிலோவாட் மணிக்கு 2,500, உச்சவரம்பு 25,000. என் வண்டி பதிவானது அதற்குப் பிறகு. புக் செய்த தேதிக்கு மதிப்பில்லை. இந்த முறையும் அதே அளவு கடன், வட்டி 15%. அதற்கும் 11 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் மூன்று வருடத்தில் 20,800 ரூபாய். ஆக 25,000 மானியத்தில் கையில் நின்றது நாலாயிரத்துச் சொச்சம்.

நவம்பரில் வாங்கியதற்கு இன்னொரு அடியும் விழுந்தது, அதை ஆடிட்டர்தான் காட்டினார். வருமான வரியில் மின்சார வண்டிக்குத் தேய்மானம் (வண்டி பழசாவதற்காக லாபத்தில் வருடாவருடம் கழித்துக்கொள்ளும் தொகை) 40%. சொந்தத் தொழிலுக்கு ஓட்டும் டீசல் வண்டிக்கு 15% தான். இது உண்மையிலேயே பெரிய சலுகை, ஆனால் எந்த ஷோரூமிலும் யாரும் சொல்லவில்லை. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் முதல் வருடம் பாதிதான் கழிக்கலாம். செப்டம்பரில் வாங்கிய முதல் வண்டிக்கு முழு 40 கிடைத்தது, நவம்பர் வண்டிக்கு 20. வாங்குவதாக இருந்தால் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

மூன்றாவது வண்டிக்கு மானியமே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இ-டிரைவில் ஆதார் வைத்து, போட்டோ எடுத்து, மானியத்துக்கான இ-வவுச்சர் உருவாக்கித் தந்தார்கள். ஒரு ஆதாருக்கு ஒரு வண்டிதான் என்றார்கள். எங்களுடையது தனி உரிமையாளர் தொழில், ஆதார் என்னுடையது ஒன்றுதான், அதுவும் இரண்டாவது வண்டிக்கே போய்விட்டது. "அண்ணா, அக்கா பேர்ல போட்டுக்கலாங்க, நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க" என்றார் ஷோரூம் தம்பி. ஆடிட்டரிடம் கேட்டேன். மனைவி பெயரில் பில் போட்டால் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி (வண்டிக்குக் கட்டிய வரியை, நாங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எங்கள் கணக்கில் வராது, தேய்மானமும் எடுக்க முடியாது. 25,000 வாங்கப் போய் அதைவிட அதிகம் விட வேண்டும். தொழில் பெயரிலேயே வாங்கினேன். இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் சின்னத் தொழில்களை மனதில் வைத்து இந்த விதியை எழுதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வண்டியை மாற்றினால் புகையும் செலவும் அதிகம் குறைவது தினம் 80 கிலோமீட்டர் ஓட்டும் எங்களைப் போன்றவர்களிடம்தானே?

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5%. டீசல் ஆட்டோவுக்கு 28% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18% ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை எப்படியும் உள்ளீடாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் நமக்கு இது விலைக் குறைப்பு இல்லை, பணம் முடங்காமல் இருப்பதுதான் லாபம். மாவுக்கு நாங்கள் வசூலிப்பதே 5% தான், 28% கட்டியிருந்தால் அந்தக் கிரெடிட் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பதிவு இல்லாதவருக்கு நேரடி லாபம்.

பர்மிட் வேண்டாம் என்பதையும் ஷோரூமில் பெரிதாகச் சொல்வார்கள். 2018ல் மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்குப் பர்மிட் விலக்கு கொடுத்தது உண்மைதான். ஆனால் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு டீசலானாலும் பர்மிட் கிடையாது. ஆள் ஏற்றும் ஆட்டோக்காரர்களுக்குத்தான் அது வரம். எங்களுக்கு உபயோகப்பட்டது தமிழ்நாடு அரசின் முழு சாலை வரி விலக்கும், ஆர்.சி. (பதிவுச் சான்று) கட்டணம் இல்லாததும், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் 15% தள்ளுபடியும். எஃப்.சி. (தகுதிச் சான்று) மட்டும் கட்டாயம், பச்சை நம்பர் பிளேட் என்றாலும் விலக்கில்லை. என் முதல் வண்டிக்கு இரண்டு வருடத்தில் எடுத்தேன்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். முதல் வண்டி இதுவரை 71,000 கிலோமீட்டர். புதிதில் 400 கிலோ ஏற்றி 95 கிலோமீட்டர் போனது, இப்போது 78ல் நிற்கிறது. ஒரு முழு சார்ஜுக்கு மீட்டரில் 12 யூனிட் ஓடும். வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய்க்கு மேல், ஆக கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். டீசல் வண்டியில் மூன்று ரூபாய் முப்பது பைசா ஆனது. மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 3,600 ரூபாய் மிச்சம். ஆயில் மாற்றும் வேலை இல்லை, கிளட்ச் தேயாது.

இந்த மிச்சத்தை ஒரே தடவையில் கரைத்ததும் அதே வண்டிதான். 2024 ஜூலையில் ஒரு மழை நாள், காலை ஐந்து மணிக்கு டிரைவர் அண்ணன் போன் செய்தார். "ஏனுங்க, வண்டி சத்தமில்லாம நின்னுருச்சு. சார்ஜ் 64 காட்டுது, நகர மாட்டேங்குது." வேறு வண்டி பிடித்து நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் பின்னால் இருந்த டப்பாக்களில் மாவு பொங்கி மூடிகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் புளித்த வாசனை முகத்தில் அடித்தது. 180 கிலோ மாவு, கடைக்குப் போட முடியாது. கோளாறு மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரில். வாங்கிய ஷோரூம் அதற்குள் மூடியிருந்தது, பக்கத்து மாவட்டத்திலிருந்து பாகம் வர 19 நாள். அந்த 19 நாளும் வாடகை வண்டி, தவணை தனியாக. டிரைவர் அண்ணன் தினமும் வந்து, ஷெட்டில் நின்ற வண்டியைத் துடைத்துவிட்டுப் போனார்.

சார்ஜிங் விஷயத்திலும் எங்களை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இ-டிரைவில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் வண்டி சார்ஜ் ஆவது இரவில், எங்கள் ஷெட்டில். மூன்று வண்டியும் ஒன்றாகப் போட்டால் 9 கிலோவாட். கிரைண்டர்கள் ஓடும் நேரத்தில் எங்கள் மின் இணைப்பு அதைத் தாங்காது என்று அதன் லோடு அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. அந்தக் கட்டணம், தனி வயரிங் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் கைக்காசு. அதற்கு எந்தச் சலுகையும் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் வண்டியை விற்கலாமா என்று விசாரித்தேன். 70,000க்கு மேல் யாரும் கேட்கவில்லை. பழைய மின்சார ஆட்டோவுக்குக் கடன் கிடைப்பதில்லை, அதனால் ரொக்கமாக வாங்குபவர்தான் வர வேண்டும். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஒரு நம்பகமான சான்று தரும் ஏற்பாட்டை அரசே செய்தால், வங்கிகளின் தயக்கம் பாதி குறையும். அது 25,000 ரூபாய் மானியத்தைவிட எனக்கு உதவும்.

மூன்று சக்கர சரக்கு வண்டிக்கான இ-டிரைவ் மானியம் 2026 மார்ச் 31க்கு மேல் போகாது என்று அரசு 2025லேயே அறிவித்திருந்தது. இப்படிப்பட்ட கடைசித் தேதிகளைப் பார்த்து அவசரப்பட்டு வாங்காதீர்கள். நான்காவது வண்டிக்கு நான் ஷோரூமுக்கு இன்னும் போகவில்லை. போன வாரம் எங்கள் வங்கிக் கிளையில் மூன்று வண்டிகளின் தவணை ரசீதுகளையும் கிலோமீட்டர் கணக்கு நோட்டையும் காட்டி, வட்டியை எழுத்தில் கேட்டிருக்கிறேன். 12 சதவீதத்துக்குள் வந்தால் சரவணம்பட்டி லைனில் ஓடும் கடைசி டீசல் வண்டியையும் மாற்றிவிடுவேன்.