78ஆ, 68ஆ, வெறும் குழாயா? வன்னி வெயிலில் மூன்று தெர்மோஸ்டாட் ஓட்டம்

என் ஹொண்டா சிவிக் காரைக் கிளிநொச்சியில் வாங்கியபோது அதில் தெர்மோஸ்டாட்டே இருக்கவில்லை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வுதான் அது. "எங்கட வெயிலுக்கு அது என்னத்துக்கு தம்பி, நான்தான் கழற்றி எறிஞ்சனான்" என்று முன்பு பார்த்த மெக்கானிக் பெருமையாகச் சொன்னார். அதனால் மூன்று நிலையிலும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தானாகவே கிடைத்தது: தெர்மோஸ்டாட் இல்லாத வெறும் குழாய், 78 பாகையில் திறக்கும் ஹொண்டாவின் தெர்மோஸ்டாட், முகன் போன்ற ஜப்பான் நிறுவனங்கள் விற்கும் 68 பாகையில் திறப்பது. எஞ்சின் பி16ஏ, 1.6 லீற்றர் வீடெக்.

வெறும் குழாயை முதலில் முடித்துவிடுகிறேன். மார்கழி மழையில் விடியற்காலை ஏ9 வீதியில் மாங்குளம் நோக்கிப் போனால் சூடு காட்டும் முள் அடியை விட்டு எழும்பவே இல்லை. வீடெக் என்பது எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து பலம் தரும் ஹொண்டாவின் முறை. எஞ்சின் சூடேறாவிட்டால் அது வேலை செய்யாது. அது தெரியாமல் வீடெக்கை இயக்கும் மின்வால்வான சொலினொயிட்டை மாற்றி வீண் செலவு செய்தேன். இன்னொரு வேடிக்கை, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுத்தான் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் ஒரு பங்கு சுடுதண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிரவைக்கப் போய்ச் சூடாக்கிய கதைதான்.

சரி, உண்மையான போட்டி 78க்கும் 68க்கும். தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு மெழுகு உருளை. மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். ஹொண்டாவின் 78 என்பது 76 முதல் 80க்குள் திறக்கத் தொடங்கி 90இல் முழுதாகத் திறப்பது. 68 இதையே பத்துப் பாகை முன்னதாகச் செய்கிறது. முழுதாகத் திறந்த பிறகு இரண்டும் ஒரே ஓட்டைதான். அதற்கு மேல் சூடு ஏறுவதும் ஏறாததும் ரேடியேற்றர், விசிறி, காற்றின் கையில்.

இதை விளங்க ஏ9இல் வாகனங்கள் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டுப் போகும் முறிகண்டி போதும். சூட்டைப் பார்க்கத் தனியாக ஒரு மீற்றர் பூட்டியிருக்கிறேன். சிவிக்கின் சொந்த முள் நடுவில் நின்றுகொண்டு ஆளை ஏமாற்றும். ஏ9இல் 70, 80 வேகத்தில் போகும்போது 78உடன் 83ஐ ஒட்டியும், 68உடன் 73ஐ ஒட்டியும் காட்டியது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கித் திரும்பும்வரை நண்பன் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே இருந்தான். இரண்டு தடவையும் சூடு தொண்ணூறைத் தாண்டி, விசிறி போட்ட பிறகுதான் இறங்கியது. சுவிட்ச், 91 முதல் 95க்குள் விசிறியைப் போடும் வகை. அதை மாற்றாமல் 68 மட்டும் வாங்கினவர், கார் நிற்கும் இடத்தில் ஒரு பாகைகூட மிச்சம் பிடிக்கவில்லை.

அப்படியென்றால் 68 சும்மாவா? இல்லை. பி16ஏ உயர் அமுக்கம் உள்ள எஞ்சின், ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்தது. நாங்கள் 95 ஒக்டேன் கிடைக்காத நாளில் 92 ஊற்றி ஓட்டுகிறோம். சிலிண்டர் ஹெட் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் நொக்கிங், அதாவது பெற்றோல் தானாக வெடித்துத் தட்டுவது, தள்ளிப்போகும். டியூன் செய்பவர் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, சற்று முன்னே தள்ளலாம். ஆனால் அப்படித் தள்ளினால்தான் பலன். எஞ்சின் கம்பியூட்டரைத் தொடாமல் 68ஐப் பூட்டிவிட்டு "இழுவை கூடிட்டுது" என்பவர்களின் காதுக்குத்தான் இழுவை கூடியிருக்கிறது.

68க்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. எஞ்சின் குளிராக இருக்கிறது என்று கம்பியூட்டர் நினைத்தால் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கும், ஒயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகி வெளியேறாது. மழைக்காலத்தில் 68 பூட்டி, வீட்டிலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் இரண்டு கிழமை ஓடினேன். ஒயில் மூடிக்கு அடியில் பால் ஏடு போல வெள்ளையாகப் படிந்திருந்தது. தண்ணீர் ஒயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கஸ்கெற் போய்விட்டதோ என்று ஒரு இரவு தூக்கமில்லை. நீண்ட ஓட்டம் ஓடியதும் அது போய்விட்டது.

என் கணிப்பில் வன்னியில் சூடேறும் வாகனங்களில் பலவற்றுக்கு நோய் தெர்மோஸ்டாட்டில் இல்லை. கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறோம். கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைக் கல் ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் படிகிறது. வெளியே கிரவல் வீதிப் புழுதியும் அரிவுவெட்டுக் காலத்துப் பதரும் தகடுகளை அடைக்கின்றன. ரேடியேற்றர் மூடியின் ரப்பர் தேய்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது. நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 120 வரை கொதிக்காது.

ஆகவே தினமும் ஓடும் காருக்கு 78, சுத்தமான ரேடியேற்றர், கூலன்ட், தேவையானால் முன்னதாகப் போடும் விசிறி சுவிட்ச். டியூன் செய்து அனுராதபுரம் சாலியபுரப் பந்தயத் தடம் போன்ற இடத்தில் ஓட்டுபவர் 68ஐ எடுக்கலாம், சுவிட்சையும் சேர்த்து. என்னுடைய 68 இப்போது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

எதைப் பூட்டினாலும் முதலில் சட்டித் தண்ணீரில் போட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். 78 என்றால் 90இல் 8 மில்லிமீற்றராவது திறக்க வேண்டும். பூட்டும்போது தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஆடுகிற சின்ன ஊசி மேலே இருக்கட்டும், காற்று அந்த வழியாகத்தான் போகும். சட்டி மட்டும் பழையதாக இருக்கட்டும். நான் அம்மாவின் பால் சட்டியை எடுத்துப் பேச்சு வாங்கினேன்.