முள் சொன்னது 106, கேமரா சொன்னது 104

நான் ஓட்டும் இதே காரை வாங்கலாமா என்று நண்பர் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், வேக வரம்பைத் தாண்டியதாக அதே வாரம் வீட்டுக்கு வந்து சேர்ந்த அபராதச் சீட்டு.

ஐந்து வருடம், 72,000 கிலோமீட்டர். இன்ஜின், கியர், ஏசி எதிலும் குறை இல்லை. என் சண்டை முழுக்க வேகமானியோடுதான். நேர்ச்சாலையில் முள் 106-இல் நிற்கும்போது கைப்பேசியின் ஜிபிஎஸ் 100 காட்டும். இது பழுது அல்ல. ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குவிதிப்படி மானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதற்குமேல் 4 கிலோமீட்டரும் வரை. 100-இல் போகும்போது 114 காட்டினாலும் தப்பில்லை. அந்த வகையில் என் வண்டி யோக்கியம்தான்.

எரிச்சல் எங்கே என்றால், வண்டிக்கு உண்மை தெரியும். இன்ஜின் கணினியைப் படிக்கும் சிறு கருவியைச் செருகிப் பார்த்தேன், அதில் 101. ஓடோமீட்டரும் கிலோமீட்டர் கற்களோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. எல்லாம் தெரிந்துகொண்டே என்னிடம் மட்டும் கூட்டிச் சொல்கிறது.

நானும் விட்டேனா? மானியின் கண்ணாடியில் 106-க்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினேன். வரம்பு 100 உள்ள சாலைகளில், முள் பொட்டைத் தொட்டபடி மூன்று வருடம் நிம்மதியாக ஓட்டினேன்.

போன மாதம் டயர் மாற்றினேன். தேய்ந்த 185/65 ஆர்15 அளவு டயருக்குப் பதிலாக, கடைக்காரர் பேச்சைக் கேட்டு சற்றுப் பெரிய 195/65. மானி எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளை. சக்கரம் எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. பழைய டயரில் தேய்ந்துபோயிருந்த ஆறு மில்லிமீட்டரும் புதியதில் கூடிய ஆறரை மில்லிமீட்டரும் சேர்ந்து சக்கரத்தின் ஆரம் கூடியதால், ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு விழுக்காடு அதிகத் தூரம். பொட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ராடார் கேமரா என்றால் கோணம், அலை என்று எதையாவது சொல்லிச் சண்டை போடலாம். (அந்தக் கோணமும் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தே காட்டும் என்பது வேறு விஷயம்.) என்னைப் பிடித்தது சராசரி வேகக் கேமரா. இரண்டு கம்பங்கள், நடுவில் 5 கிலோமீட்டர். இரண்டிலும் நம்பர் பிளேட்டின் படம், பக்கத்தில் நேரம். 180 நொடி எடுத்திருக்க வேண்டிய தூரத்தை 173 நொடியில் கடந்திருக்கிறேன். உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். சரியாக 104 வருகிறது. கோபம் இன்னும் கூடியது அதனால்தான்.

'வாங்காதீர்கள்' என்று நண்பருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நியாயமில்லைதான், கூட்டிக் காட்டாத காரை நான் இதுவரை ஓட்டியதில்லை. அபராதம் கட்டப் போனதும் இதே வண்டியில்தான், அதுவும் சாவியைத் திருப்பியவுடன் வழக்கம்போல முனகாமல் கிளம்பியது. பொட்டை 102-க்கு நகர்த்தியாகிவிட்டது. 106-இல் ஒட்டிய பசைதான் எவ்வளவு துடைத்தும் போக மறுக்கிறது.